பெரிய வியாழனுக்கு ஒரு கால்

கபிரியேல் அண்ணனுக்கு எழுபத்தொன்பது வயது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் தனியாக இருக்கிறார். மனைவி மகதலேனா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் கிறிஸ்டின் செமினியில் குடும்பத்தோடு இருக்கிறாள். வாரத்தில் மூன்று காலை நான் அவரைப் போய்ப் பார்ப்பது அவள் செய்த ஏற்பாடு. நான் கிள்ளானிலிருந்து ரயிலில் போகிறவள். பராமரிப்புப் பயிற்சி பெற்று பத்தொன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். அவர் கத்தோலிக்கர், நான் மெதடிஸ்ட். முதல் நாளே இதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, "பரவால்ல பவுனு, மாத்திர எல்லாருக்கும் ஒரே மாத்திரதான்" என்றார்.

அவருக்கு ரத்த அழுத்தம், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், இடது காது மந்தம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலைத் தினமும் பார்க்க வேண்டும். சின்னப் புண் என்றாலும் அவர்களுக்கு வலிக்காது. வலிக்காததால் கவனிக்க மாட்டார்கள். கவனிக்காமல் விட்டால் காலே போகும். இதைச் சொல்லித்தான் எல்லா வீட்டிலும் வேலையைத் தொடங்குவேன். இவர் மட்டும் நான்கு மாதமாக எனக்கு சாக்ஸைத்தான் காட்டினார். "காலெல்லாம் நல்லா இருக்கு, நீ பிரஷர் பாரு" என்பார்.

பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவும் ரயில்வே. இவர் பத்தொன்பது வயதில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்து முப்பத்தாறு வருடம் ஓடும் ரயிலில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். டிக்கெட் இல்லாதவர்கள் சொல்லும் சாக்குகளை வகை வகையாகச் சொல்லுவார். ஆடு தின்றுவிட்டது, பிள்ளை விழுங்கிவிட்டது, மாமியார் பைக்குள் இருக்கிறது, மாமியார் அடுத்த பெட்டியில் இருக்கிறார். "வாயத் தொறக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிரும்" என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மற்றவர்கள் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் சனிக்கிழமை நான்கு மணிக்கே தயாராக ஆரம்பித்துவிடுவார். வெள்ளைச் சட்டையை வெளிப்பக்கம் இஸ்திரி போட்டு, திருப்பி உள்பக்கமும் போடுவார். "உள்பக்கத்த யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன். "பாக்கவேண்டியவர் பாப்பார்" என்றார். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுகூடக் கட்டாயமில்லை. இவர் மூன்று மணி நேரம் இருப்பார். இப்படி வயிற்றைக் காயப்போட்டால் கோவிலில் மயங்கி விழுவீர்கள் என்றேன். "விழுந்தாலும் கோவில்லதான விழுவேன்?" என்றார். கிறிஸ்டின் போனில் அழுத பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கி வந்தார்.

பாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதென்றால் அவற்றைப் பென்சிலால் எழுதி, எண் போட்டு எடுத்துக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடுவார். ஒருமுறை குழாய் அடைத்துக்கொண்டது. சரிசெய்ய வந்த ஆள் கீழே போகும்வரை அண்ணன் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை.

இப்படி எல்லாவற்றுக்கும் தயாராகிற மனிதர் ஒன்றுக்கு மட்டும் முப்பது வருடமாகத் தயாராகவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய வியாழனைப் பெரிய வியாழன் என்பார்கள். அன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். பாதர் முழங்காலிட்டு ஒவ்வொருவருடைய வலது பாதத்தையும் கழுவித் துடைப்பார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூருவது அது. பன்னிரண்டில் ஒருவராக உட்காருவது பெரிய மரியாதை. கபிரியேல் அண்ணனை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் தடவை முழங்கால் வலி என்றார். இரண்டாவது தடவை காய்ச்சல். மூன்றாவது தடவை, கேரி தீவில் பெரியப்பா மகனுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அந்தப் பெரியப்பா மகன் கேரி தீவிலிருந்து பஸ் பிடித்து வந்து, அதே கோவிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கணீரென்று பாடினார்.

கோவிலில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் எதைத் தூக்க வேண்டும் என்ற பட்டியல்கள் எல்லாம் தம்புசாமியிடம்தான் இருக்கும். அவருக்கு எழுபத்தாறு வயது; அண்ணனோடு ஒரே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவர்தான் தீர்ப்பை எழுதினார். "கபிரியேலுக்குத் தலக்கனம் லா. அவரு காலக் கழுவ பாதர் பத்தாது, பிஷப் வரணும்." கோவில் முழுக்க அதைத்தான் நம்பியது.

இந்த வருடம் புதிதாக வந்த ஃபாதர் ஐவன், இதுவரை ஒருமுறையும் கால் கழுவப்படாதவர்களாகப் பார்த்துப் பெயர் எழுதச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில், தம்புசாமி பட்டியலோடு வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னா கபிரியேலு, இந்த வருஷம் எங்க வலி?"

அண்ணனுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வரேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் போனபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"பவுனு, கதவச் சாத்து."

வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் சாத்தினேன்.

"எனக்குக் கால்ல கூச்சம்" என்றார்.

"எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்."

"கொஞ்சம் இல்ல. யாராச்சும் தொட்டா சிரிப்பு வந்துரும். சிரிப்புன்னா சும்மா சிரிப்பு இல்ல. கால் தானா ஒதைக்கும். கல்யாணமான புதுசுல மகதலேனாவ ஒதைச்சு அவ கட்டில்லேர்ந்து விழுந்துட்டா."

"மூணு தடவையும் அதுக்காகத்தான் போகலயா?"

"பெரிய வியாழன்ல, எல்லாரும் மண்டிபோட்டு அழுதுகிட்டு இருக்கப்ப, பாதர் மூஞ்சில ஒதைச்சா என்னா ஆகும்?"

"மகதலேனா அக்காவுக்குத் தெரியுமா, இந்தக் காரணம்?"

"அவளுக்குத் தெரியும். சிரிச்சா சிரிங்க, போய் உக்காருங்கன்னா. நான் போகல. அந்த வாரம் முழுக்க என்கிட்ட பேசல." சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்தத் தடவ விட்டா, அப்புறம் என் காலக் கழுவப் போறது பெட்டியில வைக்கிறவங்கதான். அப்ப கூச்சமும் இருக்காது, பிரயோஜனமும் இருக்காது. தலக்கனம் புடிச்சவன்னு பேரோட போக எனக்கு இஷ்டமில்ல பவுனு."

"சாக்ஸக் கழட்டுங்க" என்றேன்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் கால்களை அன்றுதான் பார்த்தேன். புண் இல்லை. தோல் வறண்டிருந்தது. வலது கால் நகங்களை ஒழுங்காக வெட்டி, குதிகாலைக் கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவியிருந்தார். முந்தின இரவே ஆரம்பித்துவிட்டாராம். இடது கால் நகங்கள் கோழி நகம் மாதிரி இருந்தன.

"இது என்னா?"

"அத யாரு பாக்கப் போறா? வலது கால்தான கழுவுவாங்க."

சட்டைக்கு உள்பக்கமும் இஸ்திரி போடுகிறவர். நான் இடது காலைப் பிடித்தேன். நகவெட்டி பறந்து சோபாவுக்கு அடியில் போனது. என் தோளில் ஓர் உதை விழுந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே "சோரி, சோரி" என்று கத்தினார்.

கூச்சம் நோய் இல்லை. இனிப்பு நீர் பதினைந்து வருடமாக இருக்கிறவருக்குக் கால் இவ்வளவு கூசினால் நரம்பு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நான் சந்தோஷப்பட்டேன், தோள் வலித்தாலும். பிறகு வழி யோசித்தேன். கூசுகிறவர்களை விரல் நுனியால் தொடக்கூடாது. முழு உள்ளங்கையை வைத்து, குதிகாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தொடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாதர் இதில் எதையும் செய்யமாட்டார் என்பதால், அண்ணனைத்தான் பழக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, பிரஷர் பார்த்தபின் பதினைந்து நிமிடம் கால் பயிற்சி என்று முடிவு செய்தேன். ஒரு பேசின், ஒரு குவளை, தரையில் பழைய துண்டு.

முதல் வாரம் பேசின் மூன்று தடவை கவிழ்ந்தது. ஒருமுறை தண்ணீர் பறந்து இயேசுவின் திருஇருதயப் படத்தின் சின்ன விளக்கு அணைந்துவிட்டது. அண்ணன் அதை அடையாளமாக எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். பிளக்கில் ஈரம் என்று விளக்கினேன்.

மனதை வேறு எதிலாவது வைக்கச் சொன்னேன். செபமாலை சொல்லிப் பார்த்தார். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து இரண்டாவது வார்த்தையில் சிரிப்பு வெடித்ததும் பயந்துபோய், அதைத் தாளில் எழுதி எண் போட்டார். துக்கமான விஷயங்களை நினைக்கச் சொன்னேன். மகதலேனாவின் அடக்கத்தை நினைத்தார். அன்று சவ வண்டி பங்சார் பக்கம் வழிதவறிப் போனது ஞாபகம் வந்து இன்னும் மோசமாகச் சிரித்தார்.

கடைசியில் ரயில்தான் உதவியது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் நிலையங்களை வரிசையாக மனதுக்குள் சொல்லச் சொன்னேன். நிலையத்தை விட்டுவிடுவது டிக்கெட் பரிசோதகருக்குப் பெரிய குற்றம். அதனால் கவனம் முழுவதும் அதில் போனது. செகாம்புட், கெப்போங், சுங்கை பூலோ. முதல் நாள் சுங்கை பூலோவில் உதைத்தார். அடுத்த நாள் குவாங். அந்த வார இறுதியில் ரவாங். பயிற்சி நாள் மாலைகளில் கிறிஸ்டின் எனக்குப் போன் செய்து, "ஆன்டி, அப்பா இன்னிக்கு எது வரைக்கும் போனாரு?" என்று கேட்பாள். "செரண்டா தாண்டிட்டாரு" என்பேன். பத்தாங் காலியில் ஒரு வாரம் நின்றுவிட்டோம்.

ஐந்தாம் ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை. காலைப் பிடித்தேன். அசையவில்லை. தண்ணீர் ஊற்றினேன், அசையவில்லை. விரல் நுனியால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தேன். அண்ணன் கைகட்டி, மாலைப் பூசைக்கு மணி அடிப்பதைக் கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா பவுனு. ஜெபம்."

பஞ்சைச் சுருட்டி ஒவ்வொரு விரலாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்லச் சொன்னேன். ஒன்றுகூடத் தெரியவில்லை அவருக்கு. தெரியவில்லை என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. கால் ஜில்லென்று வேறு இருந்தது. உணர்ச்சி இல்லாத, குளிர்ந்த கால். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஆரம்பித்த இரண்டு கால்கள் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

"சட்ட போடுங்க. கிளினிக் போறோம்."

"எதுக்கு லா? நல்லாதான இருக்கு! முப்பது வருஷத்துல இப்பதான் நல்லா இருக்கு!"

"சட்ட போடுங்க."

கிளினிக்கில் எண் வர இரண்டு மணி நேரம் ஆனது. அண்ணன் என் பக்கம் திரும்பாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு சின்னப் பெண். நான் நிலைமையைச் சொன்னேன். அவள் உணர்ச்சி பார்க்கும் மெல்லிய நைலான் நூல் ஒன்றை எடுத்து, வலது கட்டைவிரலுக்கு அடியில் தொட்டாள்.

அவள் கையிலிருந்த நூல் பறந்தது. மேசையில் இருந்த பேனாக் குவளை கவிழ்ந்தது. அண்ணனின் சிரிப்பைக் கேட்டு வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கிள், நரம்பு சூப்பரா இருக்கு" என்றாள் டாக்டர், பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"காலைல என்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"அண்ணே."

"நீ வர்றதுக்கு முன்ன கொஞ்ச நேரம்… மீன் மேல வெச்சேன்."

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் அவர் இறைச்சி தொடமாட்டார் என்பதால், கெம்போங் மீனைச் சுத்தம் செய்து பாக்கெட் பாக்கெட்டாக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். அதில் ஒன்றைத் தரையில் போட்டு, செய்தி முடியும்வரை, இருபது நிமிடம், அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பாக்கெட்டோடதான் லா வெச்சேன். மீன் மேல படல."

"இன்னிக்குத்தானா?"

"போன வாரம் ஒரு ஒத்திகை பாத்தேன்."

போன வெள்ளிக்கிழமை நான் சம்பல் வைத்து அவருக்கும் போட்டு நானும் சாப்பிட்டது எந்தப் பாக்கெட் என்று நான் கேட்கவில்லை. இனிப்பு நீர் உள்ளவர் ஐஸில் காலை வைத்தால் தோல் வெந்து போகும், தெரியவே தெரியாது என்று டாக்டர் ஐந்து நிமிடம் திட்டினாள். மீதியை நான் ரயில் நிலையம் வரை திட்டினேன். கூசாத காலைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன், கூசுகிற காலைப் பார்த்தல்ல என்றேன். மரத்துப்போன காலைக் கொண்டுபோய்ப் பாதர் முன்னால் நீட்டுவதற்குப் பதிலாக அந்த மீனையே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வரலாம் என்றும் சொன்னேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கிளினிக் சீட்டை எடுத்தார். பிறகு, "டாக்டர் போகவேணாம்னு சொல்லிட்டாங்கன்னு தம்புசாமிகிட்ட சொல்லிரலாமா? கிளினிக் சீட்டு கூட இருக்கு" என்றார்.

"முப்பத்தாறு வருஷம் டிக்கெட் பாத்தவரு நீங்க. இந்த டிக்கெட்ட நீங்க ஏத்துக்குவீங்களா?"

வீட்டுக்குப் போனதும் பென்சிலைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை என்னோடு கிள்ளானுக்கு ரயில் ஏறினார். பாவசங்கீர்த்தனத்துக்கு. ஏன் உங்கள் கோவிலிலேயே செய்யக்கூடாது என்றேன். "ஃபாதர் ஐவனுக்குத் தெரிஞ்சா, கழுவுறப்ப அவருக்கும் சிரிப்பு வந்துரும். ரெண்டு பேரும் சிரிச்சா பூச என்னா ஆகும்?" என்றார். சரிதான் என்று பட்டது. கிள்ளான் கோவிலில் வயதான பாதர் ஒருவர் இருந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது அண்ணனின் முகம் கிளினிக்கில் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

"பரிகாரமா எத்தன செபமாலயாம்?"

"செபமால இல்ல. யாருகிட்ட பொய் சொன்னேனோ அவருகிட்ட போய் உண்மையச் சொல்லணுமாம். தம்புசாமிகிட்ட." பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "அம்பது செபமால குடுத்திருக்கலாம் லா அந்த மனுஷன்."

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று நானும் போனேன், தண்டனை நிறைவேறுகிறதா என்று பார்க்க. கையில் குருத்தோலையோடு தம்புசாமி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கபிரியேல் அண்ணன் அவர் முன்னால் போய் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார்:

"தம்பு, மூணு தடவையும் நான் சொன்னது பொய். முழங்கால் வலி இல்ல, காய்ச்சல் இல்ல, கேரி தீவுக்கும் போகல. எனக்குக் கால்ல கூச்சம். தொட்டா சிரிச்சிருவேன். அதான்."

தம்புசாமி ஓலையைக் கீழே வைத்தார்.

"கூச்சம்."

"ஆமா."

"மூணு சாக்கு முடிஞ்சி இப்ப நாலாவதா?"

"இது உண்ம லா!"

"காய்ச்சல்னு சொன்னப்பகூட நான் பாதி நம்புனேன். இதுக்கு அந்த முழங்கால் வலியே தேவல. எழுபத்தொம்போது வயசுல ஒரு ஆம்பளைக்குக் கால் கூசுதாம். போ, போய் வேற எதாச்சும் யோசிச்சிகிட்டு வா. வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

வீட்டுக்குப் போகும் லிஃப்டில் அண்ணன், "நான் எத்தன பேர நம்பாம ஃபைன் போட்டேனோ" என்றார். ஆடு தின்றுவிட்டது என்று சொன்னவனும் உண்மை சொல்லியிருப்பானோ என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கடைசி இரண்டு பயிற்சியும் ஒழுங்காக நடந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த மீனையெல்லாம் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். புதன்கிழமை தஞ்சோங் மாலிம் வரை போய்விட்டார். தண்ணீர், துண்டு, இரண்டையும் தாங்கினார். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் துடித்தது.

வியாழன் மாலை நானும் கிறிஸ்டினும் நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணனுக்கு ஏழாவது நாற்காலி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழற்ற எளிதான காலணி. நகங்கள் இரண்டு காலிலும் வெட்டியிருந்தன, நான் சரிபார்த்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு பேரும் பாதங்களை எவ்வளவு தேய்த்திருந்தார்கள் என்றால், ஃபாதர் ஐவனின் கைதான் அங்கே அழுக்காகத் தெரிந்தது. ஒரு அம்மாள் நகச்சாயம்கூடப் பூசியிருந்தார்.

ஃபாதர் ஐவன் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தண்ணீர்க் குவளையோடும் பேசினோடும் தம்புசாமி. பாடகர் குழு மெதுவாகப் பாடியது. ஒவ்வொரு காலாக வந்தார்கள். ஐந்து. ஆறு. கிறிஸ்டின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு. தம்புசாமி அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு குவளையைச் சாய்த்தார். தண்ணீர் விழுந்தது. அண்ணனின் உதடுகள் அசைந்தன. செகாம்புட், கெப்போங், சுங்கை பூலோ என்று நானும் சேர்ந்து சொன்னேன். பாதர் விரல் நுனியால்தான் கழுவினார். இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ரவாங். செரண்டா. பத்தாங் காலியைத் தாண்டினார். துண்டு வந்தது. ராசா. கோல குபு பாரு. பாதர் துடைத்து முடித்தார். தஞ்சோங் மாலிம். அண்ணன் மூச்சை விட்டார். நானும் விட்டேன். கிறிஸ்டின் சிலுவை அடையாளம் போட்டாள்.

அப்போது பாதர் குனிந்தார்.

முன்பிருந்த பாதர்கள் கழுவித் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் முதல் காலிலிருந்தே ஒவ்வொரு பாதத்தையும் முத்தமிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பேசினைத் தூக்கிக்கொண்டு நின்ற தம்புசாமியின் முதுகு மறைத்ததில் முதல் ஆறும் எங்களுக்குத் தெரியவில்லை; ஏழாவதில்தான், அண்ணனின் முகத்தைப் பார்க்க அவர் விலகி நின்றார். அண்ணனோ கண்ணை மூடிக்கொண்டு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதோடு, ஃபாதர் ஐவன் தவக்கால நேர்த்திக்கடனாக நாற்பது நாள் சவரம் செய்யாமல் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தாடியைக் கோவிலே பார்த்தது. அது ஒரு நாள் கபிரியேல் அண்ணனின் பாதத்தில் படும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாடகர் குழு நின்றுவிட்டது. கால் மேலே வந்தது. பாதரின் கண்ணாடி பேசினுக்குள் விழுந்தது. தம்புசாமியின் கையிலிருந்த குவளை அவர் மேலேயே கவிழ்ந்து, இடுப்பிலிருந்து கீழே முழுவதும் நனைந்தது. அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. எட்டாவது நாற்காலியில் இருந்த அம்மாளின் தோள்கள் குலுங்கின. பிறகு ஒன்பதாவது. பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேர் ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பீடத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

ஃபாதர் ஐவன் பேசினில் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தார். இடுப்புத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். எட்டாவது காலுக்குப் போனார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது.

கிறிஸ்டின் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன்.

பெரிய வியாழன் பூசை முடிந்தால் யாரும் சத்தம் போடக்கூடாது. அமைதியாகக் கலைய வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்கள். பேசியது முழுவதும் ஒன்றுதான். பாவம் கபிரியேல், தலைக்கனம் இல்லையாம், கூச்சமாம். அத்தனை வருடமும் அதற்காகத்தானாம். ஒரு கிழவர் வந்து அண்ணனின் கையைக் குலுக்கி, எனக்கும் அக்குளில் அப்படித்தான் என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் காரின் பின் சீட்டில், கதவைத் திறந்து வைத்து, இரண்டு காலணியையும் கழற்றிவிட்டு, கால்களை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்குகளில் ஈரம் இருந்தது. பாதர்கள் அங்கே துடைப்பதில்லை. நான் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது தம்புசாமி வந்தார். நடக்கும்போது கால்சட்டை சளக் சளக் என்றது.

"கபிரியேலு" என்றார், மெதுவாக.

"சொல்லு."

"உண்மையத்தான் லா சொல்லியிருக்க."

"அதான் ஞாயித்துக்கெழமையே சொன்னேன்ல?"

"நான் நம்பல."

"தெரியும்."

"முப்பது வருஷமா ஊர் முழுக்க உனக்குத் தலக்கனம்னு சொல்லிட்டேன்."

"அதுவும் தெரியும்."

தம்புசாமி ஈரக் கால்சட்டையின் ஒரு பக்கத்தைப் பிழிந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் அதற்காகத்தான் வந்தார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவர் கண் அண்ணனின் மற்றக் காலுக்குப் போனது.

"இடது கால்லயும் இருக்கா?"

"தம்பு, வேணாம்."

"ஒரே ஒரு தடவ லா. பட்டியல்ல எழுதி வைக்கணும்ல, எந்தக் கால்னு."

"டேய், பெரிய வியாழன்டா!"

தம்புசாமி ஒரு விரலை நீட்டிக்கொண்டு குனிந்தார். இத்தனை மாதமாக இரண்டு படி ஏற என் தோளைப் பிடிக்கும் கபிரியேல் அண்ணன், மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, கார்களுக்கு நடுவில் ஓடினார். எழுபத்தாறு வயது தம்புசாமி, ஈரக் கால்சட்டையோடு, சத்தம் போடக்கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

நான் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, கோவில் முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை என்று கத்தினேன்.

"அண்ணே! வெறுங்காலோட ஓடாதீங்க! கல்லு குத்தும்!"